பணம் யாருக்கு முதலில் போகிறது?

ஒரு பல்கலைக்கழகத்தில் சுகாதாரச் சமத்துவ ஆராய்ச்சி மையத்தின் நிர்வாகம் என் பொறுப்பு. ஒரே நோய் ஒருவரை ஏன் சீக்கிரம் கொண்டுபோகிறது, இன்னொருவரை ஏன் விட்டுவைக்கிறது, அதில் உடம்பின் பங்கு எவ்வளவு, வருமானமும் வேலையும் பிறப்பும் சேர்ந்து செய்வது எவ்வளவு என்று தேடுவதுதான் எங்கள் மையத்தின் வேலை. நான் ஆராய்ச்சியாளர் இல்லை. பில், ஒப்பந்தம், ஆள் எடுப்பது, நிதி தந்தவர்களுக்குக் கணக்கு அனுப்புவது, இதெல்லாம்தான் என் மேசைக்கு வரும்.

ரொம்ப நாளாக மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு மையம் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அதன் பணம் யாருக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள்.

ஒரு ஆய்வில் எங்களுக்காக ஓர் அக்கா வேலை பார்த்தார். தான் குடியிருக்கும் பகுதியில் வீடு வீடாக எங்கள் ஆட்களைக் கூட்டிப்போய், 'இவங்க நம்மகிட்ட நியாயமா நடந்துப்பாங்க, பேசுங்க' என்று சொன்னவர் அவர்தான். அவர் இல்லையென்றால் பாதிக் கதவுகள் திறந்திருக்காது. ஆய்வு முடிந்து 4 மாதமாகியும் அவருக்குச் சம்பளம் போகவில்லை. பேட்டி கொடுத்தவர்களுக்கான சிறு தொகையும் போகவில்லை. காரணம் ஒரு படிவம். ஆய்வகத்துக்குக் கருவி விற்கும் கம்பெனி நிரப்பும் அதே படிவத்தைத்தான் அவரும் நிரப்ப வேண்டியிருந்தது. பதிவு எண், வரி எண், முத்திரை எல்லாம் கேட்கும். அதே மாதம் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பில் 10 நாளில் பாஸாகிப் போனது. இரண்டு கோப்பிலும் கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஒருநாள் அவரே நேரில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் வருகைத் தாள்கள், தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "மேடம், அந்த வீட்டுக்காரங்க உங்ககிட்டயா வந்து கேப்பாங்க? என்கிட்டதானே கேக்குறாங்க. நான் இப்போ அந்தத் தெரு வழியா போறதே இல்ல" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "உங்க கேள்வித்தாள்ல இருக்குமே, காசு இல்லாம மாத்திரையை நிறுத்தினது உண்டான்னு. இந்த மாசம் எனக்கும் அதுக்கு 'ஆமா'தான் மேடம்."

அன்று சாயங்காலம் வரை என்னால் வேறு எந்த வேலையும் பார்க்க முடியவில்லை.

வேல்ஸில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒன்றை எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று எங்கள் துறையில் எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். எங்கள் கணக்குப் புத்தகத்திலேயே அந்த விதி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. யாருக்குப் பணம் அவசரமோ அவர்களுக்குக் கடைசியில் போனது.

தாமதம் வெறும் அலுவலகச் சிக்கல் என்று சொல்பவர்களுக்கு டஸ்கிகியை நினைவுபடுத்துவேன். 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை அலபாமாவில் 399 கறுப்பின ஆண்களுக்கு இருந்த சிஃபிலிஸ் நோயைக் குணப்படுத்தாமல், அது எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தது. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவர்கள் இத்தனை வருடம் அந்த ஆய்வில் தொடர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர். அவரும் கறுப்பினத்தவர், அந்த ஊர்க்காரர்கள் நம்பியவர். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மட்டும் கூடவே இருந்தார். அந்தக் கொடுமையையும் எங்கள் தாமதத்தையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் ஒன்று இரண்டிலும் உண்டு: நிறுவனம் தனக்கு இல்லாத நம்பிக்கையை உள்ளூர்ப் பெண் ஒருவரிடம் கடன் வாங்குகிறது. திருப்பிக் கொடுக்காவிட்டால் முகம் இழப்பது அவர்.

நிதிப் பிரிவுக்காரர்களை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. பொதுப் பணத்துக்கு ரசீது கேட்பது அவர்கள் கடமை. போலிப் பெயரில் பணம் எடுத்த கதைகளும் உண்டு. அதனால் சண்டை போடாமல் உட்கார்ந்து பேசினோம். தனிநபர்களுக்கு ஒரு பக்கப் படிவம், பங்கேற்பவர்களுக்குக் கையோடு கொடுக்க ஒரு முன்பணம் என்று கேட்டோம். ஆடிட்டர் ஒவ்வொரு ரசீதிலும் பெயரும் கையெழுத்தும் வேண்டும் என்றார். எச்.ஐ.வி. பற்றிய ஆய்வு என்றால் அந்த ரசீதே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடுமே? கடைசியில் ரசீதில் குறியீட்டு எண் மட்டும் இருக்கும், எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் ஆய்வின் தலைவரிடம் பூட்டி இருக்கும் என்று முடிவானது. இதற்கே ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஆனால் இப்போது பேட்டி முடிந்த அன்றே பணம் கைக்குப் போகிறது. அந்த அக்காவுக்குப் பாக்கியைத் தீர்த்த பிறகு, எங்கள் தலைமை ஆய்வாளரும் நானும் அவரோடு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டோம். சிலர் உள்ளே கூப்பிடவில்லை. அது அவர்கள் உரிமை.

அப்புறம் பட்ஜெட். முடிவுகளை மக்களிடம் திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்வதற்கான செலவு, அதாவது பயணம், கூடம், அவர்கள் மொழியில் ஒரு சிறு அறிக்கை, இதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். அந்தச் செலவைச் சேர்க்காத நிதி விண்ணப்பத்தை இனி நான் அனுப்புவதில்லை. சில பேராசிரியர்களுக்கு என்மேல் வருத்தம். அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினரின் கதையை அவர்களிடம் சொல்வேன். நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தத்தை வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தியது அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. வழக்கு நடந்து, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்ததோடு, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. இடையிடையே திரும்பிப் போய், என்ன செய்கிறோம் என்று சொல்லியிருந்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது, எங்கள் ஒப்பந்தப் பணியாளர்களின் நிலை. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, பிரிட்டன் அரசு அலுவலக ஆண்களைத்தான் பின்தொடர்ந்தது. யாரும் பட்டினி கிடப்பவர்கள் இல்லை. அப்படியும் பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க மரண விகிதம் ஏறியது. இதை வகுப்பில் நடத்தும் கட்டிடத்திலேயே எங்கள் களப்பணியாளர்கள், புராஜெக்ட் முடியும் தேதியில் சம்பளத்தையும் காப்பீட்டையும் சேர்த்து இழக்கிறார்கள். அடுத்த நிதி வரும்வரை சும்மா இருக்கச் சொல்கிறோம். ஒவ்வொரு நிதியிலும் பல்கலைக்கழகம் ஓவர்ஹெட், அதாவது பொது நிர்வாகச் செலவு, என்று ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. அதில் கொஞ்சத்தை ஒதுக்கி, இரண்டு புராஜெக்ட்டுக்கு நடுவில் 3 மாதமாவது இவர்களைத் தாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. அடுத்த வாரம் மூன்றாவது முறையாகக் கொடுக்கப்போகிறேன். வேறு மையங்களில் இதை எப்படியாவது சமாளித்திருந்தால், எந்தத் தலைப்பில் பணம் எடுத்தீர்கள், விதியை எப்படி எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.