புளியில்லாத பாத் தாய்

சனிக்கிழமை இரவு மூன்று பேர் வெளியே போய் எழுபது டாலருக்கு மேல் கொடுத்துச் சாப்பிட்டோம். வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றியதும் மகன் நேராகச் சமையலறைக்குப் போனான். ஒரு கிண்ணத்தில் தயிர்சோறு, ஓரத்தில் மாவடு. திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் நானும் ஒரு கிண்ணத்தோடு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது இலினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில், சுற்றிலும் மக்காச்சோளக் காடுகள் உள்ள ஒரு சின்ன ஊர். சிகாகோவுக்குக் காரில் மூன்று மணி நேரம். இங்கே தாய்லாந்து உணவகம் வரப்போகிறது என்று பலகை வைத்த நாளிலிருந்து நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் கணவருடைய வேலைக்காக பாங்காக்கில் இரண்டு ஆண்டுகள் இருந்தோம். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. வெள்ளிக்கிழமை அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றிக் குங்குமம்கூடக் காயாமல், தள்ளுவண்டியில் இறால் போட்ட பாத் தாய் என்கிற தாய்லாந்து அரிசி நூடுல்ஸ் வாங்கித் தின்ற பாவி நான்.

போன வாரம் எனக்குச் சரியான ஜலதோஷம். ரசம் வைக்கக்கூடத் தெம்பில்லை. ரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு டாம் யம் சூப் உள்ளே போனால் மூக்கு திறந்துவிடும் என்று அந்தப் புது உணவகத்துக்குக் கிளம்பினோம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததே, இறால் போட்ட அந்த டாம் யம்தான். எலுமிச்சைப் புல், அரத்தை, நம் நார்த்தை இலையை நினைவூட்டும் ஓர் எலுமிச்சை இலை, மீன் சாஸ், கடைசியில் பிழிந்துவிடும் எலுமிச்சைச் சாறு. இவ்வளவுதான் அதன் உயிர். வந்ததோ, வெல்லப் பாகில் வினிகர் விட்ட மாதிரி ஒரு சிவப்புத் தண்ணீர். புல்லும் இல்லை, இலையும் இல்லை. நான்கு இறால் மிதந்தன. மூக்கு திறக்கவில்லை.

அடுத்து பாத் தாய், 17 டாலர். பாத் தாய் ஒன்றும் தொன்மையான பண்டமல்ல; என் பாட்டியைவிட இளையது. சயாம் என்ற பெயரை 1939இல் தாய்லாந்து என்று மாற்றிய பிபுன் சொங்கிராம் ஆட்சியில்தான் அது நாடெங்கும் பரவியது. நாட்டுக்கு ஒரு தேசிய அடையாளம் வேண்டும் என்று நினைத்த அரசு, எல்லோரும் அரிசி நூடுல்ஸ் சாப்பிடுங்கள் என்று பிரசாரம் செய்தது. நூடுல்ஸ் சீனர் வழி வந்தது. அதைத் தாய்லாந்துடையதாக ஆக்குவது புளியும் பனைவெல்லமும் மீன் சாஸும்தான். புளியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இனிப்பு நூடுல்ஸ். அதைத்தான் தட்டில் வைத்தார்கள். புளிக்குப் பதிலாகத் தக்காளி கெச்சப். நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. மகனும் கண்டுபிடித்துவிட்டான்: "அம்மா, இது பள்ளிக்கூட ஸ்பகெட்டி."

சின்ன ஊர், சாமான் கிடைக்காது என்று யாராவது சொல்வீர்கள். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். பாங்காக்கில் பச்சைக் கறி என்கிற பச்சை நிறக் குழம்பில் சுண்டைக்காய் போடுவார்கள். ஆமாம், நம் சுண்டைக்காயேதான், பச்சையாக, கொத்துக் கொத்தாக. கூடவே கோலிக்குண்டு போன்ற உருண்டைக் கத்தரிக்காய். அவற்றை இலினாயில் ஜனவரி மாதம் எங்கே போய்த் தேடுவார்கள்? ஆகவே இங்கே அந்தக் கறியில் குடைமிளகாயும் கேரட்டும் ப்ரோக்கோலியும் போட்டதை நான் மன்னித்துவிட்டேன். டப்பாவில் வரும் மசாலா விழுதையும் மன்னித்தேன். நானும் வீட்டில் அதைத்தான் வாங்குகிறேன். அந்தக் கறியின் தாய்லாந்துப் பெயரில் இனிப்பு என்ற சொல் வருவது பச்சை நிறத்தின் இளமையைக் குறிக்க என்பார்கள். இங்கே யாரோ அதைச் சர்க்கரை டப்பாவுக்கு விட்ட அழைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் புளி? புளிக்கு என்ன சாக்கு? கட்டிப் புளி ஒரு வருடம் வைத்திருந்தாலும் கெடாது. மீன் சாஸும் அப்படித்தான், புட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும். இன்னொன்று சொல்லவா? அந்த உணவகத்திலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி ஒரு மெக்சிகோ மளிகைக் கடை இருக்கிறது. மெக்சிகோக்காரர்கள் புளியில் சர்பத்தும் மிட்டாயும் செய்பவர்கள். அந்தக் கடையில் புளியம்பழத்தை ஓட்டோடு அட்டைப்பெட்டியில் கொட்டி விற்கிறார்கள். என் வீட்டுக் குழம்புக்கு அவசரத்தில் அங்கேதான் வாங்குகிறேன். இரண்டு கட்டடம்! சமையல்காரர் ஏப்ரனோடு நடந்து போய் வாங்கி வரலாம்.

உறைப்பைப் பற்றி மட்டும் அக்கறையாகக் கேட்டார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எது வேண்டும் என்று. நான் நான்கு என்றதும், பரிமாற வந்த பெண், பள்ளி இறுதி வகுப்பு படிப்பவள் போல, பாவம், என் உடல்நலத்தைக் கருதி இரண்டு முறை உறுதி செய்துகொண்டாள். வந்த நான்கு என்னவென்றால், மேலே தூவிய காய்ந்த மிளகாய்ச் செதில். மிளகாய் நமக்கும் அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. நாம் மிளகை வைத்து அதற்குப் பெயர் சூட்டினோம். அவர்கள் மிளகின் பெயரையே மிளகாய்க்குக் கொடுத்துவிட்டு, மிளகைத் 'தாய்லாந்து மிளகாய்' என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அப்படி மிளகாயை வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்ட சமையலில், உறைப்பு மேலே தூவுகிற அலங்காரமா? உறைப்புக்கு ஐந்து படி வைத்தவர்கள் புளிப்புக்கு ஒரு படியும் வைக்கவில்லை.

பாங்காக்கில் நூடுல்ஸ் கடை மேசை தோறும் நான்கு கிண்ணம் இருக்கும்: சர்க்கரை, மீன் சாஸ், வினிகரில் ஊறிய மிளகாய், மிளகாய்த் தூள். அவரவர் நாக்குக்கு அவரவர் சரிசெய்துகொள்ளலாம். அதையாவது கேட்போம் என்று கேட்டேன். சோயா சாஸ் வந்தது. கூடவே சோறு சாப்பிட மூங்கில் குச்சிகள். தாய்லாந்தில் சோற்றை ஸ்பூனில்தான் சாப்பிடுவார்கள், முள்கரண்டி சோற்றைத் தள்ளிவிட. குச்சி நூடுல்ஸுக்கு. இதைச் சொன்னபோது கணவர் என்னைப் பார்த்த பார்வையில், போதும் நிறுத்து என்று இருந்தது.

காரில் ஏறியதும் அவர் தன் வழக்கைத் தொடங்கினார். "ஊர்க்காரர்கள் நாக்குக்குச் சமைக்கிறார்கள். பக்கத்து மேசையில் தட்டை வழித்துச் சாப்பிட்டதை நீ பார்க்கவில்லையா? நம் ஆட்கள் வெளியூரில் சாம்பாரில் வெல்லம் போட்டு விற்கவில்லையா?" பார்த்தேன். அவர்கள் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார்கள். அதுதான் எனக்கு அதிக வருத்தம். தாய்லாந்து அரசே 2002 வாக்கில் உலகம் முழுக்க இருந்த தன் நாட்டு உணவகங்களை 5,500லிருந்து 8,000 ஆக்கத் திட்டம் போட்டது. கடை எண்ணிக்கை பெருகியது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் இனிமேல் பாத் தாய் என்றால் கெச்சப் என்றே நினைப்பார்கள். சிகாகோவில் நல்லதைக் கொடுத்தால்கூட, இது என்ன புளிக்கிறது என்று தள்ளிவைப்பார்கள். சாம்பாரில் வெல்லம் போடுகிறவன்கூடப் புளியை விடுவதில்லையே!

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் இடத்தில் உரிமையாளர் அம்மா, அறுபது வயதிருக்கும், கை கூப்பி, எப்படி இருந்தது என்று கேட்டார். இவ்வளவு பேசுகிற நான், "ரொம்ப நன்றாக இருந்தது" என்றேன். இருபது சதவீதம் டிப்ஸும் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம் இருக்காது. அப்போது தனியாகப் போய், அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்கலாம் என்று ஓர் எண்ணம். கையோடு அரைக் கிலோ புளியும் கொண்டுபோகட்டுமா என்று கணவரிடம் கேட்டேன்.

"நீ போவதாக இருந்தால் என் பெயரைச் சொல்லாதே" என்றார்.