தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வராது
லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே 5,540 கிலோமீட்டர் என்பதால், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரு திசையிலும் ஆறேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்ற கணக்கு தவறானது. தூரம் சரிதான், ஆனால் அது புவிப்பரப்பின் மீதான மிகக் குறுகிய பாதையின் நீளம் மட்டுமே. வட அட்லாண்டிக்குக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான காற்றோட்டம், நியூயார்க்குக்குச் செல்லும் விமானத்தை எதிர்த்தும் திரும்பும் விமானத்தை உந்தியும் வீசுவதால், அட்டவணையில் போகும் பயணம் ஏறத்தாழ எட்டு மணி நேரமாகவும் திரும்பும் பயணம் ஏழு மணி நேரமாகவும் இருக்கின்றன. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், தரையிறங்கக் காத்திருப்பதும் அந்த நேரத்திலேயே அடங்கும். இணைப்பு விமானத்துக்கு இடைவெளி கணிப்பவர்கள், தயவுசெய்து வகுத்தல் கணக்கை அல்ல, அட்டவணை நேரத்தையே கொள்ளுங்கள்.