குட்டி யானை கிளம்புறதுக்குள்ள காலி மனையில புகை

ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்தா போதும், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்னு நல்ல நாள் பார்த்து ஊரே வீடு மாத்துது. புது வீட்டுல பால் பொங்குறதுக்குள்ள பழைய வீட்டுப் பக்கத்துக் காலி மனையில புகை எழும்பியாச்சு. பபுள் ராப், தெர்மாகோல், டேப் சுத்தின அட்டை, பிஞ்ச தலகாணி, எல்லாத்தையும் குவிச்சு ஒரு தீக்குச்சி. திறந்த வெளியில குப்பையை எரிக்கக் கூடாதுன்னு 2016-லயே திடக்கழிவு விதியில சொல்லியாச்சு. எரிக்கிறவருக்கு அது தெரியாமலா இருக்கு? எதிர்வீட்டுக் குழந்தை இருமுறது காதுல விழுறதுக்குள்ள வண்டி ஏறிடுறாரு, அவ்வளவுதான்.

கேட்டா, "பேக்கிங்குக்கு வேற என்னங்க வழி?"ன்னு நம்மளையே திருப்பிக் கேக்குறாங்க. யோவ், பாலக்கோட்டுலயும் ராயக்கோட்டையிலயும் தக்காளி மண்டி நடத்துற ஊருய்யா இது! மாங்காயை வைக்கோல் போட்டு அடுக்கி லாரி ஏத்தத் தெரிஞ்ச ஊரு, பீங்கான் தட்டுக்கு மட்டும் பபுள் ராப்பை ரோல் ரோலா வாங்குது. ஆவணியில மாங்கா சீசனும் முடிஞ்சிருக்கும். தக்காளி, மாங்கா அடுக்குற பிளாஸ்டிக் கிரேட் எல்லாம் வேலையில்லாம அடுக்கிக் கிடக்கும். தெரிஞ்ச வியாபாரிகிட்ட ரெண்டு நாளைக்கு வாடகை பேசுங்க. ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு 40 கிரேட் தாராளம். அட்டைப்பெட்டி மாதிரி அடி பிஞ்சுக்காது, மழையில ஊறாது, ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும், டேப்பே வேண்டாம்.

ஆனா வாங்கின கையோட சாமானை அடுக்காதீங்க. மூலையில தக்காளிச் சாறு காஞ்சு ஒட்டியிருக்கும், அதுல மருந்து அடிச்ச மிச்சமும் இருக்கும். சோப்புத் தண்ணி விட்டுத் தேய்ச்சு, ஒரு நாள் வெயில்ல கவுத்து வையுங்க. இல்லேன்னா புது வீட்டுக்கு உங்களுக்கு முன்னாடி எறும்பு குடி போயிரும். அடியில பழைய வேட்டி. தட்டைப் படுக்க வைக்காம நெட்டுக்குத்தா நிறுத்தி, நடுநடுவுல துணி சொருகுங்க. படுக்க வச்சா மேல இருக்கிற பாரம் மொத்தமும் அடித்தட்டு மேல இறங்கும். புத்தகம் பாதிக் கிரேட்தான், மிச்சத்துக்குப் போர்வை. முழுசா ரொப்பினா லோடுமேன் தூக்க மாட்டாரு, இழுப்பாரு, டைல்ஸ் போச்சு. அண்டாவையும் குடத்தையும் காலியா ஏத்துறது காத்துக்கு வாடகை கொடுக்குற மாதிரி. அதுக்குள்ள துணியைத் திணிங்க.

இதுல "கிரீன் ஷிஃப்டிங்"னு ஒரு வியாபாரம் வேற. பிளாஸ்டிக்குக்குப் பதிலா புத்தம் புது பிரவுன் பேப்பர், அதுக்குத் தனி ரேட்டு. பீரோவுல பாட்டி புடவை மடிச்சே கிடக்கு, புதுப் பேப்பர் எதுக்குங்க?

சரி, இது எல்லாத்தையும் ஒழுங்காச் செய்ற ஆளுங்களே ஒரு இடத்துல கோட்டை விடுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. ஏசி கழட்டுறது. மெக்கானிக் வந்தவுடனே ஸ்பேனரைப் போட்டு, வெளிய இருக்கிற அவுட்டோர் யூனிட் நட்டைத் திருகுவாரு. "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம். மொத்த கேஸும் ஆகாசத்துல. ஏசி கேஸ்ல ஆர்-32-ன்னு ஒரு வகை, அது ஒரு கிலோ வெளிய போனா 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ-ங்கிற வகைன்னா 2,088 கிலோ. தர்மபுரியில இருந்து ஓசூருக்குக் குட்டி யானை போய்ட்டு வர 14 லிட்டர் டீசல்னு வையுங்க, 38 கிலோ கரியமில வாயு வரும். அந்த ஒரு "ஸ்ஸ்ஸ்"ல ஆர்-32-ன்னா பதினேழு ட்ரிப்பு, 410ஏ-ன்னா அம்பதுக்கு மேல!

இதைத் தடுக்கப் பத்து நிமிஷ வேலை போதும், பேரு பம்ப் டவுன். ஏசியைக் கூலிங்குல அஞ்சு நிமிஷம் ஓட விடணும். தடியான பைப் பக்கத்து சர்வீஸ் போர்ட்ல, அழுத்தம் காட்டுற கேஜை மாட்டணும். ஒல்லியான பைப் வால்வை ஆலன் கீ போட்டு முழுசா மூடணும். கம்ப்ரசர் கேஸை உறிஞ்சி அவுட்டோருக்குள்ளயே சேத்துக்கும், கேஜ் முள்ளு கிடுகிடுன்னு இறங்கும். பூஜ்யத்தைத் தொடும்போதே தடியான பைப் வால்வையும் மூடி, உடனே சுவிட்சை அமத்தணும். அதுக்கப்புறம்தான் ஸ்பேனர். சுவிட்சை அமத்தாம விட்டு ஓட்டினா கம்ப்ரசர் காலி. ஏற்கெனவே லீக் இருந்தா பம்ப் டவுனே கூடாது, காத்தை இழுத்துக்கிட்டுக் கம்ப்ரசர் வெடிக்கவும் செய்யும். ஓடாத ஏசின்னா, கேஸைப் பிடிக்கிற ரெக்கவரி மெஷினும் சிலிண்டரும் இருக்கிற ஆளைத்தான் கூப்பிடணும்.

இதுக்குக் கரண்ட் வேணும். நம்மாளு காலையிலயே மெயினை அமத்தி, கணக்கு முடிச்சு, ஓனர்கிட்ட சாவியும் கொடுத்துட்டு நிப்பாரு. மெக்கானிக் ஸ்பேனரை எடுக்காம என்ன பண்ணுவாரு? ஏசியை முதல் நாளே கழட்டுங்கய்யா!

அங்க போய் மாட்டும்போதும் இதே கூத்து. பைப்புக்குள்ள இருக்கிற காத்தைத் துரத்த, கேஸையே கொஞ்சம் திறந்து ஊதி விடுவாரு. வேக்யூம் பம்ப் மாட்டி இருபது நிமிஷம் இழுத்தாத்தான் ஈரம் போகும். ஊதினா பாதி ஈரம் உள்ளயே தங்கும், ரெண்டாவது கோடையில "கேஸ் பத்தலை சார்"னு அதே ஆள் பில் புக்கோட நிப்பாரு. மாடி ஏத்தணுமேன்னு பம்ப்பை வண்டியிலயே விட்டுட்டு வர்றவருக்குக் கூலியில பாதியைப் பிடிச்சுக்குங்க.