‘6 மாதச் சாமான் வாங்கி வையுங்கள்’ என்ற செய்தி: உண்மை என்ன?

‘அடுத்த வாரம் கடைகள் காலியாகிவிடும், 6 மாதச் சாமானை இப்போதே வாங்கிவிடுங்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தேதியும் இல்லை, சொன்னவர் பெயரும் இல்லை. நம்ப வேண்டாம்.

கடைகள் வழக்கமான விற்பனையைக் கணக்கிட்டுத்தான் சரக்கு வைக்கின்றன. எல்லோரும் ஒரே நாளில் மூன்று மடங்கு வாங்கினால், உற்பத்தி குறையாமலேயே அலமாரி காலியாகும். 2020 மார்ச்சில் முகக்கவசத்துக்கு இதுதான் நடந்தது. தேவை கூடியதோடு பீதியும் பதுக்கலும் சேர, விலை 6 மடங்கானதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. நோயாளி அருகில் நின்ற செவிலியர்களுக்கே கிடைக்கவில்லை.

கையிருப்பே கூடாது என்பதல்ல. வழக்கமாகச் சாப்பிடுவதில் 2 வாரத்துக்கு, சில நாளைக்குக் குடிநீர், அன்றாடம் போடும் மாத்திரை, இவை போதும். மூட்டையாக வாங்கினால் அடியில் வண்டு பிடிக்கும். பெட்ரோலை மட்டும் கேனில் பிடித்து வீட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதன் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும்.