பட்டா அச்சிட எட்டாம் தலைமுறைச் செயலி எதற்கு?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்குக் கணினியால் ஆகவேண்டிய காரியம் பத்து ஆண்டுகளாக மாறவே இல்லை: பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பதிவிறக்கி அச்சிடுவது, மனு தட்டச்சு செய்வது, சித்திரை பிறந்துவிட்டால் மாங்காய் மண்டிக்காரர்களுக்குப் பில் புத்தகம் வடிவமைப்பது. இன்டெலின் ஆறாம் தலைமுறை ஐ3 செயலியும் (கணினியின் மூளையான சில்லு) 4 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) கொண்ட, 2016-இல் வாங்கிய என் கணினி இவற்றை முகம் சுளிக்காமல் செய்துவந்தது. அதைத்தான் இப்போது கழித்துக்கட்டச் சொல்கிறார்கள்.

அதில் ஓடும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, மிகச் சில விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகள் ஆகாது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் கட்டாயம். பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், நல்ல பூட்டுப் போடுவதற்காக வீட்டையே இடித்துக் கட்டு என்பது எந்த ஊர் நியாயம்?

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 எம்பி ரேம் கேட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி, அதாவது 64 மடங்கு. அந்த இருபது ஆண்டுகளில் என் தட்டச்சு வேகம் 64 மடங்கு கூடவில்லை. வில்லங்கச் சான்றின் பக்கங்களும் கூடவில்லை. அந்த 4 ஜிபியும் பெயருக்குத்தான்: உலாவியில் நான்கு தாவல்களைத் திறந்து, ஒரு பிடிஎஃப் கோப்பையும் திறந்தால் விசிறி இரையத் தொடங்கிவிடுகிறது.

வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்று பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதிவிட்டார். கேட்டவர் யார்? இன்று ஓர் அரட்டை மென்பொருளுக்குள் முழு உலாவி ஒன்றையே பொதிந்து அனுப்புகிறார்கள். அப்படி மூன்று மென்பொருள்களைத் திறந்தால் மூன்று உலாவிகள் நினைவகத்தைத் தின்கின்றன. நிரலாளரின் மேசையில் 32 ஜிபி ரேம் இருப்பதால் அவருக்கு இந்தச் சுமை தெரிவதில்லை. பக்கத்துக்குச் சில ரூபாய் வாங்கிப் பிழைக்கும் என் மேசைக்குத்தான் அது வந்து சேர்கிறது.

"விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள், ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கும் என் பில் புத்தகக் கோப்புகளை, பழைய வடிவமைப்பு மென்பொருள் இல்லாமல் எப்படித் திறப்பது என்றும் கடைக்கு வந்து காட்டிவிட்டுப் போகட்டும். வன்தட்டைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டேன். கணினி இளமை திரும்பியதுபோல் ஓடுகிறது. ஓடினாலும், செயலி எட்டாம் தலைமுறை இல்லையாம். இந்தச் சித்திரைக்கும் மண்டிக்காரர்களின் பில் புத்தகம் இதே கணினியில்தான் உருவாகும்.