மூணு பூனைக்கு ஒரு தரை

(டைல்ஸ் மேஸ்திரி தரையை அளந்துகொண்டிருக்கிறார். சோபாவுக்கு அடியிலிருந்து யாரோ அவரை அளந்துகொண்டிருக்கிறார்கள்.)

சுமதி: மரத்தரை போடணும்னு அவருக்கு ஆசை, மேஸ்திரி.

மேஸ்திரி: லேமினேட்டாக்கா? பூனை எத்தனை?

சுமதி: மூணு.

மேஸ்திரி: அப்ப ஆசையை விட்டுடச் சொல்லுங்க. உள்ள இருக்கிறது அழுத்தின மரத்தூள். இடுக்குல ஒருத்தன் ஒண்ணுக்குப் போனா போதும், ஓரமெல்லாம் உப்பிக்கும்.

சுமதி: மார்பிள்?

மேஸ்திரி: வாந்தி எடுப்பாங்களா?

சுமதி: முடி உருண்டையா. விடிகாலையில, நான் வெறுங்காலோட நடக்கிற வழி பார்த்து.

மேஸ்திரி: அந்த ஆசிட்டு மார்பிள் பளபளப்பைத் தின்னுடும். வினிகர் விட்டுத் துடைச்சீங்கன்னா மிச்சமும் போச்சு.

சுமதி: கார்ப்பெட்?

(மேஸ்திரி பையை எடுத்துக்கொண்டு எழுகிறார்.)

சுமதி: சும்மா கேட்டேன், உட்காருங்க!

மேஸ்திரி: விட்ரிஃபைட் டைல்ஸ் போடுங்க. 0.5 சதவீதம்கூட தண்ணி உறிஞ்சாது. ஆனா டைல்ஸ் நடுவுல இடுக்கை அடைக்கிற சிமென்ட் கிரவுட் உறிஞ்சும். அங்கதான் வாடை குடியேறும். அதுக்குப் பதிலா தண்ணி உறிஞ்சாத எபாக்சி கிரவுட் போட்டுடலாம்.

சுமதி: நல்லா பளபளன்னு...

மேஸ்திரி: வேணாம், மேட்! பளபளப்பில்லாத டைல்ஸ். ராத்திரி மூணு மணிக்கு ஓடுறவன் பளபளப்புல திரும்ப முடியாம சுவத்துல முட்டுவான்.

சுமதி: பெரியவனுக்கு 14 வயசு. ஜன்னல்லேர்ந்து குதிக்கிறதுக்கே யோசிக்கிறான்.

மேஸ்திரி: இறங்கற இடத்துல துவைக்கிற மாதிரி ஒரு மிதியடி போடுங்க.

சுமதி: தினமும் பினாயில் போட்டுத் துடைச்சுடுவேன்.

மேஸ்திரி: ஐயோ அக்கா! அதுல ஃபீனால் இருந்தா பூனைக்கு விஷம், அது ஈரலால முறிக்க முடியாது. நடந்துட்டுக் காலை நக்குமே. அம்மோனியா கலந்ததும் வேணாம். மூத்திர வாடைன்னு நினைச்சு மறுபடி அதே இடத்துக்கு வருவான். மூத்திர வாடையை அழிக்கிற என்சைம் கிளீனர் வாங்குங்க.

சுமதி: உங்க வீட்லயும் பூனையா?

மேஸ்திரி: அஞ்சு. தரை வெறும் சிமென்ட்டு. டைல்ஸ் போட ஆள் கிடைக்கலைக்கா.

சுமதி: சரி, நிறம்?

மேஸ்திரி: பூனைங்க என்ன நிறம்?

சுமதி: கறுப்பு, வெள்ளை, சாம்பல்.

மேஸ்திரி: சாம்பல் போடுங்க, முடி அவ்வளவா தெரியாது.

சுமதி: பூனையும் தெரியாதே! அவர் கண்ணாடி போடாம நடக்கிற ஆளு.

மேஸ்திரி: கறுப்பு?

சுமதி: பெரியவன் கறுப்பு. ஓடி ஒதுங்கவும் மாட்டான்.

மேஸ்திரி: (நோட்டில் எழுதியபடி) சாம்பல், மேட். எபாக்சி கிரவுட். சாருக்குக் கண்ணாடிக் கயிறு ஒண்ணு.