அகழியோரம் இருப்பது மேக்பை இல்லை

வேலூர்க் கோட்டை அகழியோரம் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் பறவையின் படத்தைப் பார்த்து, ‘மேக்பை, காக்கைக் குடும்பம்’ என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். இல்லைங்க, இது குண்டுகரிச்சான். ஆங்கிலப் பெயரில் (மேக்பை ராபின்) மேக்பை ஒட்டிக்கொண்டிருப்பதால் வரும் குழப்பம். இது ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பறவை, சுமார் 20 செ.மீ. நிஜ மேக்பை வாலோடு சேர்த்து 45 செ.மீ. வரும், அதில் பாதிக்கு மேல் வால்தான். இந்தியாவில் அதைப் பார்க்க லடாக் போக வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கினால் தெரியும்: இறக்கையில் நீளமான வெள்ளைக் கோடு, விறைத்துத் தூக்கிய வால். கறுப்பாக இருப்பதால் ஆண். பெண் என்றால் கறுப்புக்குப் பதில் சாம்பல். விடியலில் எங்கள் மாடிக் கம்பியில் உட்கார்ந்து விசிலடிக்கும், அலாரமே வேண்டாம்.

நம்மூரில் காக்கைக் குடும்பம் வேண்டுமா? காக்கை, அண்டங்காக்கை, அப்புறம் செம்பழுப்பு வால்காக்கை.